முதல் எர்ரரை மட்டும் பார்!

(மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவி)

"ஃபார்ட்ரானா? அது எங்க தாத்தா காலத்துச் சமாச்சாரமாச்சே!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. என் தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை, கரண்டும் இல்லை. எனவே அந்தப் பெருமை உங்கள் தாத்தாக்களுக்கே போகட்டும்!

ஆனால் தோழர்களே, தோழியரே, இந்த வருட இன்பிளான்ட் டிரெயினிங்கில் நான்கு வாரம் நான் குடித்தனம் நடத்தியது அந்தத் தாத்தாவோடுதான். ஃபார்ட்ரான் பிறந்தது 1957ல். ஐபிஎம் கம்பெனியில் ஜான் பேக்கஸ் என்பவரும் அவருடைய குழுவும் ஐபிஎம் 704 என்ற இயந்திரத்துக்காக உருவாக்கியது. நம் சிலபஸில் அது இல்லை. சி இருக்கிறது, ஜாவா இருக்கிறது, பைதான் இருக்கிறது. இருந்தாலும், பைதானில் நீங்கள் ஒரு பெரிய சமன்பாட்டுக் கூட்டத்தைத் தீர்க்கச் சொன்னால் உள்ளே வேலை பார்ப்பது பெரும்பாலும் லாபாக் என்ற நூலகம். அது ஃபார்ட்ரானில் எழுதப்பட்டது. வானிலைக் கணிப்பு மாடல்கள் பலவும் இன்றைக்கும் ஃபார்ட்ரான்தான். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவரோ வயலில் நிற்கிறார்.

டிரெயினிங் கிடைத்தது ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி மையத்தில். முதல் இரண்டு நாள் எனக்குக் கொடுத்த வேலை, நெட்வொர்க் கேபிள்களில் நம்பர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுவது. கூட வந்த பி.இ. மாணவர்களுக்குச் சர்வர் ரூமில் இடம். "டிப்ளமோதானே, இதைச் செய்யட்டும்" என்று ஒருவர் சொன்னது என் காதுபடத்தான். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஸ்டிக்கரை மட்டும் நேராக ஒட்டினேன்.

மூன்றாம் நாள் ஆராய்ச்சி மாணவி ஒருவர் வந்தார். அக்கா என்றே கூப்பிட்டேன், இங்கும் அப்படியே சொல்கிறேன். உலோகத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. தகட்டை 1200க்கு 1200 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் வெப்பத்தையும் அடுத்த நொடி, அடுத்த நொடி என்று கணக்கிட்டுக்கொண்டே போகும் ஒரு புரோகிராம். ஓய்வு பெற்றுவிட்ட ஒரு பேராசிரியர் எழுதியது, ஃபார்ட்ரான் 77ல். பழைய சர்வர் செத்துப்போய்விட்டது. புதிய சர்வரில் புரோகிராம் கம்பைல் ஆகமாட்டேன் என்கிறது. தீசிஸ் கொடுக்க மிச்சம் பதினொரு நாள். சிஸ்டம் அட்மின் அண்ணன் ஒரு நாள் பார்த்துவிட்டு, "நானூறு எர்ரருக்கு மேல இருக்கு மேடம், புதுசா எழுதிக்கிறதுதான் நல்லது" என்று கையை விரித்துவிட்டார். அக்கா கண்ணில் தண்ணீர்.

"அண்ணே, நான் பார்க்கட்டுமா?" என்றேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. "வேணும்னா பாரு, ஸ்டிக்கர் வேலை முடிஞ்சிருச்சுல்ல?" என்றார் அவர்.

இந்தப் புரோகிராம் ஏன் 'பேரலல்' என்று இங்கே சொல்லிவிடுகிறேன். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். அங்கே எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும்போது, நடுவில் ஒருவர் பின்தங்கினால் அடுத்தவர் கை சும்மா இருக்கும். பேரலல் புரோகிராமும் அதேதான். தகட்டைச் செங்குத்துப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் ஒரு பிராசஸிடம் கொடுத்துவிடுகிறோம். ஆனால் பட்டையின் ஓரத்தில் இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்துப் பட்டையின் ஓர வெப்பம் தெரிந்தாக வேண்டுமே! அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரங்களை ஒருவருக்கொருவர் அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த அனுப்பல் வாங்கலுக்கான பொது விதிமுறைதான் எம்பிஐ. அதன் முதல் பதிப்பு 1994ல் வந்தது. குறுக்காக வெட்டாமல் செங்குத்தாக வெட்டுவது எதற்கென்றால், ஃபார்ட்ரான் ஒரு அணியை மெமரியில் பத்தி பத்தியாக வைக்கும். சி போல வரிசை வரிசையாக வைக்காது. செங்குத்து ஓரம் மெமரியில் ஒரே துண்டாக இருக்கும், அப்படியே தூக்கி அனுப்பிவிடலாம்.

சரி, எர்ரருக்கு வருவோம்.

மேக்ஃபைலில் கம்பைலர் பெயர் ஜி77 என்று இருந்ததாம். அது ஜிசிசி 3.4 வரை வந்து நின்றுபோனது. 2005ல் ஜிசிசி 4.0 வந்தபோது அதன் இடத்துக்கு ஜிஃபார்ட்ரான் வந்துவிட்டது. அண்ணன் பெயரை மாற்றினார். உடனே 'எம்பிஐஎஃப்.ஹெச்' என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று நின்றது. அதற்கும் அவரே வழி செய்திருந்தார்: ஜிஃபார்ட்ரானை நேராகக் கூப்பிடாமல் எம்பிஐஎஃப்90 என்று கூப்பிட வேண்டும். அது தனி கம்பைலர் இல்லை, அதே ஜிஃபார்ட்ரானுக்கு எம்பிஐயின் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று காதில் ஓதி அனுப்பும் தரகர். இதுவரை சரி. அதன் பிறகுதான் வெள்ளம்.

முதலில் எல்லா எர்ரரையும் ஒரு ஃபைலில் பிடித்து வைத்தேன். ஒரு ஃபைலில் தப்பு வந்தாலும் நிற்காமல் மற்ற ஃபைல்களையும் கம்பைல் செய்ய மேக் கட்டளையோடு '-கே' சேர்க்க வேண்டும். எண்ணினால் 412. அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, நானூத்திப் பன்னெண்டா? தப்பாவே எழுதி வச்சிருக்காவளா?" என்றார். மறுநாளிலிருந்து தினமும் அதே கேள்வி: "இன்னிக்கு எத்தனை மிச்சம்?" பண்டல் கணக்குக் கேட்கிற மாதிரி.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். நம்மில் பலரும் அப்படித்தான், திரையில் ஆங்கிலம் ஓடினால் வயிற்றில் புளி கரையும். ஆனால் நண்பர்களே, கம்பைலர் பேசுகிற ஆங்கிலம் மொத்தமே ஐம்பது வார்த்தை தேறாது. எக்ஸ்பெக்டட், அன்டிஃபைன்ட், மிஸ்மேட்ச், மிஸ்ஸிங், கேனாட் ஓப்பன். இவற்றை ஒரு நோட்டில் எழுதித் தமிழில் அர்த்தம் போட்டால் ஒரு சாயந்திரத்தில் முடிந்துவிடும். ஜிஃபார்ட்ரான் செய்தியில் 'அட் (1)' என்று வரும். அந்த 1 எங்கே என்று முழிக்க வேண்டாம்; மேலே அது காட்டும் புரோகிராம் வரியின் கீழேயே ஒரு சின்ன 1 போட்டிருக்கும். அதுதான் விரல் நீட்டும் இடம்.

412ல் முதல் எர்ரரை மட்டும் எடுத்தேன். 'அன்கிளாசிஃபையபிள் ஸ்டேட்மென்ட் அட் (1)'. எந்த வகையிலும் சேராத வாக்கியம் என்று அர்த்தம். விரல் நீட்டிய வரியைப் பார்த்தால், 'சி' என்று தொடங்கி நாலு வார்த்தை ஆங்கில விளக்கம். அடுத்த எர்ரரும் அப்படியே. விளக்கக் குறிப்பை எதற்குக் கம்பைலர் படிக்கிறது? அதுதான் கேள்வி.

மையத்து அலமாரியில் அட்டை கிழிந்த ஃபார்ட்ரான் 77 புத்தகம் ஒன்று இருந்தது. அதில்தான் கதை கிடைத்தது. அந்தக் காலத்தில் புரோகிராமை அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். ஒரு அட்டைக்கு 80 பத்தி. முதல் பத்தியில் 'சி' இருந்தால் அது குறிப்பு. ஒன்று முதல் ஐந்து வரை வரி எண். ஆறாவது பத்தியில் ஏதாவது எழுத்து இருந்தால் முந்தைய வரியின் தொடர்ச்சி. ஏழு முதல் 72 வரைதான் உண்மையான வாக்கியம். 73 முதல் 80 வரை கம்பைலர் கண்டுகொள்ளாது. அட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்தால் அடுக்குவதற்கு அங்கே நம்பர் போட்டுக்கொள்வார்களாம்! இது 'ஃபிக்ஸ்ட் ஃபார்ம்'. ஃபார்ட்ரான் 90ல்தான் இந்தக் கட்டம் கட்டிய எழுத்து போய் 'ஃப்ரீ ஃபார்ம்' வந்தது. அதில் குறிப்பு என்றால் ஆச்சரியக்குறி. 'சி'க்கு மரியாதை இல்லை.

ஒரு ஃபைல் எந்த வகை என்று கம்பைலர் எப்படித் தெரிந்துகொள்கிறது? பெயரின் வாலை வைத்து. '.எஃப்' என்றால் பழைய வகை, '.எஃப்90' என்றால் புதிய வகை. ஃபைல்களை எண்ணினேன், 14. அதில் மூன்றின் வால் '.எஃப்', பதினொன்றின் வால் '.எஃப்90'. எர்ரர் பட்டியலைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே அந்தப் பதினொன்றிலிருந்துதான் வந்திருந்தன. யாரோ ஒரு புராஜெக்ட் மாணவர் புரோகிராமை 'மாடர்ன்' ஆக்கப் போய், வாலை மட்டும் மாற்றிவிட்டுப் பாதியில் போயிருக்கிறார்! சட்டை மாற்றினால் தாத்தா பேரனாகிவிடுவாரா?

வாலை வெட்டி மறுபடி '.எஃப்' ஆக்கினேன். மேக் அடித்தேன். 412 ஒன்பதானது. அட்மின் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா எனக்கு ஒரு டீயும் வடையும் வாங்கி வந்தார்.

ஒன்பதில் ஒன்று, அடைப்புக்குறி மூடவில்லை என்றது. பார்த்தால் மூடித்தான் இருந்தது, ஆனால் 73வது பத்தியில்! அந்த மாணவர் புதிய வகை என்று நினைத்து வரியை நீட்டி எழுதியிருக்கிறார். வரியை மடக்கி, ஆறாவது பத்தியில் தொடர்ச்சிக் குறி போட்டதும் எர்ரர் போயிற்று. ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. அடைப்புக்குறி வெட்டுப்பட்டதால் கம்பைலர் கத்தியது. வெட்டுப்பட்ட பிறகும் அர்த்தமுள்ளதாக ஒரு வரி இருந்தால்? கம்பைலர் வாயே திறக்காதே! எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் '-வால்' என்ற ஆப்ஷனைப் போட்டு மறுபடி ஓட்டினேன். வரி வெட்டுப்படுகிறது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அந்த வரியின் கடைசியில் 'டிடிஎக்ஸ்2' என்ற மாறி. அதில் அந்த 2 மட்டும் 73வது பத்தியில். கம்பைலருக்குத் தெரிந்தது 'டிடிஎக்ஸ்'. அந்தப் பெயரிலும் ஒரு மாறி புரோகிராமில் இருக்கிறது! ஒரு எர்ரரும் இல்லாமல் கம்பைல் ஆகி, ஓடி, அழகான தப்பான வெப்பத்தைக் கொடுத்திருக்கும். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

மீதி எட்டும் ஒரே ஜாதி: 'டைப் மிஸ்மேட்ச் பிட்வீன் ஆக்சுவல் ஆர்குமென்ட்ஸ்'. எம்பிஐயில் எல்லோருக்கும் ஒரு மதிப்பைப் பரப்ப 'பிராட்காஸ்ட்' என்று ஒரு சப்ரொட்டீன் உண்டு. புரோகிராம் ஓரிடத்தில் அதற்கு முழு எண்ணைக் கொடுக்கிறது, இன்னோரிடத்தில் தசம எண்ணைக் கொடுக்கிறது. எம்பிஐயில் அது நியாயம்தான். ஆனால் பழைய 'எம்பிஐஎஃப்.ஹெச்' முறையில் அந்தச் சப்ரொட்டீன் என்ன வாங்கும், என்ன வாங்காது என்று கம்பைலருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே பெயருக்கு இரண்டு விதமாகக் கொடுக்கிறாயே என்று அது சந்தேகப்படுகிறது. 2020ல் வந்த ஜிசிசி 10 முதல் இந்தச் சந்தேகம் எர்ரர் ஆகிவிட்டது. அதற்கு முன் எழுதிய எத்தனையோ புரோகிராம்கள் இந்த ஒரே காரணத்தால் முடங்கின.

இங்கேதான் தகராறு. "ஆர்குமென்ட் மிஸ்மேட்சை அனுமதின்னு ஒரு ஃபிளாக் இருக்கு, போட்டு முடி. ஒன்பது நாள்தான் இருக்கு" என்றார் அண்ணன். அவர் சொன்னது தப்பில்லை. அந்த ஃபிளாக் எர்ரரை எச்சரிக்கையாக இறக்கிவிடும், வேலை அன்றே முடியும். ஆனால் 72வது பத்தியைப் பார்த்த பிறகு எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு வழி, 'யூஸ் எம்பிஐ' என்று எழுதி எம்பிஐயின் மாட்யூலைச் சேர்ப்பது. அப்போது எந்த அழைப்புக்கு எத்தனை ஆர்குமென்ட், என்ன வகை என்று கம்பைலர் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். 14 ஃபைலையும் தொட வேண்டும். "வாய மூட வைக்கறதா, என்ன சொல்லுதுன்னு கேக்கறதாண்ணே?" என்று கேட்டேவிட்டேன். டிப்ளமோ பெண் அட்மினிடம் பேசுகிற பேச்சா அது! அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு நாள் எடுத்துக்கோம்மா" என்றார்.

'யூஸ்' வரி சப்ரொட்டீன் பெயருக்கு அடுத்து முதல் ஆளாக நிற்க வேண்டும். 'இம்ப்ளிசிட்' வரிக்குப் பின்னால் போட்டால் கம்பைலர் ஏற்காது. அதைச் செய்து முடித்ததும் புதுச் சிக்கல்: எம்பிஐயின் மாட்யூல் ஃபைல் வேறொரு பதிப்பு ஜிஃபார்ட்ரானால் உருவாக்கப்பட்டது, படிக்க முடியாது என்றது. சர்வரில் இரண்டு கம்பைலர் இருந்தன. மாட்யூல் ஃபைல் அதைச் செய்த கம்பைலருக்குத்தான் புரியும், நம் வீட்டுப் பூட்டுக்கு நம் சாவி மாதிரி. தரகரிடம் '--ஷோமி' என்று கேட்டால் உள்ளே எந்தக் கம்பைலரைக் கூப்பிடுகிறான் என்று ஒப்பித்துவிடுவான். அண்ணன் ஜோடி சேர்த்துக் கொடுத்தார். பத்து நிமிட வேலை.

எட்டு எர்ரரும் மறைந்தன. பதிலுக்கு ஒன்று முளைத்தது: 'எம்பிஐ_ரெசிவ்'க்குப் பொருந்தும் சப்ரொட்டீன் எதுவும் இல்லை என்று. ரெசிவ் அழைப்புக்கு எட்டு ஆர்குமென்ட். விரல் விட்டு எண்ணினேன், ஏழுதான் இருந்தன. கடைசியில் வர வேண்டிய 'ஐஎர்' இல்லை. எர்ரர் எண்ணை எழுதி வைக்கும் இடம் அது. இடமே கொடுக்காவிட்டால் எம்பிஐ அதை மெமரியில் எங்கே கொண்டுபோய் எழுதும் என்று யாருக்குத் தெரியும்! அந்த ஃபைலில் ரெசிவ் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு அழைப்பு இல்லாததால் பழைய முறையில் கம்பைலருக்கு அது தப்பு என்றே தெரிந்திருக்காது.

இத்தனை வருடம் எப்படி ஓடியது? அந்த வரி, 1200 பத்திகள் பிராசஸ்களுக்குச் சமமாகப் பிரியாமல் மிச்சம் வரும்போது மட்டும் வேலை செய்யும் பகுதியில் இருந்தது. பழைய சர்வரில் நான்கு பிராசஸ். 1200ஐ நான்கால் வகுத்தால் 300, மிச்சம் இல்லை. புதிய சர்வரில் அக்கா ஓட்ட நினைத்தது 32. ஒன்றுக்கு 37, மிச்சம் 16! அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ஃபிளாக் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அண்ணன் எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

அதன் பிறகு வந்தவை லிங்க் சமயத்து எர்ரர்கள். அவை வேறு இனம்; வரி எண் இருக்காது, 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று பெயர் மட்டும் வரும். ஒன்று 'டிஜிடிஎஸ்வி_'. லாபாக்கில் உள்ள சப்ரொட்டீன் அது. ஜிஃபார்ட்ரான் பெயரைச் சின்ன எழுத்தாக்கிக் கடைசியில் ஒரு அடிக்கோடு சேர்க்கும், அந்த வாலைக் கழித்துப் படிக்க வேண்டும். லாபாக்கைக் கட்டளையின் கடைசியில் சேர்த்ததும் தீர்ந்தது. முன்னால் சேர்த்தால் சில சமயம் எடுபடாது. இன்னொன்று 'எம்பிஐ_செண்ட்__', இரண்டு அடிக்கோடு! நம் கம்பைலர் இரண்டு போடாதே? ஏற்கெனவே அடிக்கோடு உள்ள பெயருக்கு இரண்டு போடும் வழக்கம் ஜி77க்கு. அப்படியென்றால் ஜி77 காலத்து ஆப்ஜெக்ட் ஃபைல் ஒன்று ஃபோல்டரில் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். தேடினால் இருந்தது. மூல ஃபைலைவிடத் தேதி புதியது என்பதால் மேக் அதைத் திரும்பச் செய்யாமல் விட்டிருக்கிறது. எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலையும் அழித்துவிட்டு மறுபடி மேக். மிச்சம் பூஜ்யம்.

"பூச்சியமா? அப்ப நாளைக்கு அங்க உனக்கு வேலை இருக்கா, இல்லையா?" என்றார் அம்மா.

இருந்தது. கம்பைல் ஆனது எல்லாம் சரியான விடை தராதே! ஒரு பிராசஸ், நான்கு பிராசஸ், 32 பிராசஸ் என்று மூன்று விதமாக ஓட்டி விடைகளை ஒப்பிட்டோம். கடைசி இலக்கங்களில் மட்டும் சின்ன வித்தியாசம். அது பரவாயில்லை, தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் அப்படித்தான் வரும் என்று அக்கா விளக்கினார். பேராசிரியரின் பழைய பிரிண்ட் அவுட்டோடும் ஒத்துப்போனது.

இடையில் ஒரு விஷயம், எம்பிஐ தவிர ஓப்பன்எம்பி என்றும் ஒரு முறை உண்டு. ஃபார்ட்ரானுக்கு 1997ல் வந்தது. அதில் கட்டளைகளே குறிப்பு போல, ஆச்சரியக்குறியோடு எழுதப்படும். '-எஃப்ஓப்பன்எம்பி' என்ற ஆப்ஷன் போடாவிட்டால் கம்பைலர் அவற்றை வெறும் குறிப்பு என்று தாண்டிப் போய்விடும். எர்ரர் வராது, ஆனால் ஒரே ஆள்தான் வேலை செய்வார்! அதில் 'டிஃபால்ட் நன்' என்று எழுதிவிடுங்கள். எந்த மாறி பொது, எந்த மாறி அவரவருக்குச் சொந்தம் என்று சொல்லாமல் விட்டால் கம்பைலரே கேட்கும். கேட்கிற கம்பைலர் நல்ல கம்பைலர்.

சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் வெளிநாடு என்று நினைக்கிறோம். நம் நாட்டின் முதல் பரம் இயந்திரம், பரம் 8000, புனேயில் சி-டாக் 1991ல் செய்தது. 2022ல் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃப்ளாப்ஸ் வேகத்தில் ஒன்றைத் தொடங்கி வைத்தார்கள். பெயர் 'பரம் பொருள்'! அங்கேயும் எம்பிஐதான், மேக்தான், இதே எர்ரர்கள்தான்.

அக்கா தீசிஸைக் குறித்த நாளில் கொடுத்துவிட்டார். நன்றி சொல்லும் பக்கத்தை டைப் செய்தபோது என்னைக் கூப்பிட்டு, "உன் பேருக்குப் பக்கத்துல என்னம்மா போடணும்?" என்று கேட்டார். "டிப்ளமோ, மூன்றாம் ஆண்டுன்னு போடுங்கக்கா" என்றேன். அப்படியே போட்டார்.

புரோகிராமில் இன்னும் 14 எச்சரிக்கைகள் மிச்சம் இருக்கின்றன. பெரும்பாலும் பயன்படுத்தாத மாறிகள்தான், விடையைக் கெடுக்காது. ஐம்பது வார்த்தை நோட்டும், 412 எர்ரர் பிரிண்ட் அவுட்டும் என்னிடம் இருக்கின்றன. வேண்டியவர்கள் சாயந்திரம் நாலரைக்கு மேல் இரண்டாவது லேபுக்கு வரலாம். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்!